தராசுக்காரர் தரையிறங்கியது

கூட்டாளியின் சாவுக்குப் போய்வந்த செவ்வாய்க்கிழமை தராசு பழுதுபார்ப்பவரின் எடை நாற்பது கிலோ குறைந்தது. மீதியும் புதன்கிழமை போய்விட, காலை ஒன்பது மணிக்குக் கூரையில் முதுகு முட்ட மிதந்தார். சாவை நினைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் எடை குறையத்தான் செய்யும்; தன்னை மதிக்கிறவனுக்கு அரைக் கிலோ, அதுவும் சாப்பிட்டால் சரியாகிவிடும். இவரோ, தான் போனால் யாருக்கு என்ன குறையப்போகிறது என்று நினைத்துத் தொலைத்தார். கூடவே வந்த, பட்டறையில் உதவிக்கு இருக்கும் மச்சானுக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உலகமே தன் தோளில் நிற்பதாக நினைப்பு அவனுக்கு.

ஜன்னல் வழியாகப் போய்விட்டால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று மனைவிக்கு உயிரே போனது. ஜன்னல்களைச் சாத்தினாள், பட்டறையின் சோதனை எடைக்கற்களை அவர் இடுப்பில் கட்டினாள்; அப்படியும் அவர் இறங்கவில்லை. வெறுங்கையால் தொடாதே, வியர்வை பட்டால் எடை மாறும், துணியால் பிடி என்று அந்த நிலையிலும் மேலேயிருந்து கத்தினார் மனுஷன். அப்போது இரண்டு கிலோ கல் ஒன்று மின்விசிறியில் இடித்து, எடையைச் சரிக்கட்ட அடியில் நிரப்பியிருந்த ஈயம் பெயர்ந்து அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மச்சான் அந்தக் கல்லை அவிழ்த்து, திருப்பிக்கூடப் பார்க்காமல், ஆஸ்பத்திரிக் குழந்தைத் தராசைத் தானே சரிபார்த்துவிட்டு வந்தான்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தாள். கூரையைப் பார்த்துப் பேச வேண்டியிருந்ததைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

“அண்ணே, குறைமாசக் குழந்தை ஒண்ணு, மெஷின் ரெண்டு கிலோ காட்டுது. என் கை இல்லைங்குது. ரெண்டு கிலோ ஆனா குழந்தைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்கள விட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

மச்சான் பயன்படுத்திய கல்லைக் கேட்டு வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக வெறும் விரலால் அடிப்பக்கத்தைத் தடவினார். பள்ளம்.

“நாப்பது கிராம் கூடக் காட்டும். அனுப்பாதீங்க. நானே வர்றேன்.”

சொல்லி முடிக்கும்போது அவர் கால் அலமாரியின் தலையில் பட்டது. ஆஸ்பத்திரி வரை மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்; வாசலில், தேவையில்லை என்று தெரிந்து விட்டுவிட்டாள். தராசைச் சரிசெய்ய அவர் உட்கார்ந்தபோது ஸ்டூல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அப்பாடா என்றிருந்தது. குழந்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிராம். ஆறு நாள் கழித்து நிஜமாகவே இரண்டு கிலோவாகி வீட்டுக்குப் போனது.

இன்றும் சவரம் செய்யும்போது அவருக்குச் சாவு நினைப்பு வரும், நாலு விரல் உயர்வார். மனைவி அந்த இடைவெளியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கிவிட்டுப் போவாள்.