கையில ஒட்டுன நேரம்

பெரிய டாக்டர் "ஒன்பது நிமிஷம்"னு பெருமையடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். நான் அவசரப் பிரிவுல சக்கர நாற்காலி தள்ளுறவ. வந்தவங்களை ஒன்பது நிமிஷத்துல டாக்டர் பார்த்துடுறார்னு சுவத்து டிவியில ஓடும். பச்சைப் பொய்! கம்ப்யூட்டர்ல பேர் பதிஞ்சாத்தான் கணக்கே ஆரம்பம். உள்ள கட்டில் காலியானாத்தான் பேரைப் பதியணும்னு அந்தாளோட உத்தரவு. அதுவரைக்கும் வாசல் நாற்காலியில கெடக்க வேண்டியதுதான்.

என் அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அங்க ரெண்டு மணி நேரம் கெடந்தான். எனக்கு அன்னைக்கு லீவு. "உக்காருங்க, கூப்பிடுவாங்க"ன்னாங்களாம். கூப்பிட்டப்ப அவன் உயிரோட இல்ல. கம்ப்யூட்டர்ல ஏழு நிமிஷம்னு இருந்துச்சு.

இந்தாளைச் சும்மா விடுறதில்லைன்னு அப்பவே முடிவு பண்ணேன். வாசல்ல கால் வைக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, வந்த நேரத்தைப் பேனாவால எழுதினேன். "காயமே இல்லையே, இது எதுக்கும்மா?"ன்னு கேட்டா, "இனிமேதான் ஒருத்தருக்கு ஆகப்போகுது"ம்பேன்.

மேலிடத்து அதிகாரியம்மா சோதனைக்கு வர்ற நாளும் வந்துச்சு. பதினோரு மணிக்கு வர்றதா பேச்சு. பத்து அஞ்சுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். நேரத்தை எழுதி ஒட்டினேன். பத்தே முக்காலுக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. இன்னும் கால் மணி நேரம் இப்படியே இருந்தார்னா பெரிய டாக்டர் கையும் களவுமா மாட்டுவார். கொஞ்சம் பொறுத்துக்கய்யான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

சொன்ன மனசை நானே காறித் துப்பினேன். சீ! அந்தாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

டிரைவரைச் சக்கர நாற்காலியில அள்ளிப் போட்டுக்கிட்டு உள்ள ஓடினேன். "பேர் பதியலை"ன்னு மறிச்ச காவலாளி நல்லவேளை ஒதுங்கிட்டான். டாக்டருங்க சூழ்ந்துக்கிட்டாங்க. ஆள் பிழைச்சார்.

பெரிய டாக்டர் பாய்ஞ்சு வந்தார், கூடவே அப்பதான் வந்து சேர்ந்த அதிகாரியம்மா. "பதியாத ஆளை யார் உள்ள விட்டது?"

"நான்தான் சார்."

அம்மா டிரைவர் கையைப் பார்த்தாங்க. "இது என்ன நேரம்?"

"அவர் வந்த நேரம்மா. சுவத்து டிவி கணக்குப்படி இவர் இன்னும் வரவே இல்ல. வாசல்ல வந்து பாருங்க."

வாசல்ல பதினாலு பேர் கையை நீட்டினாங்க. எட்டு நாப்பது, ஒன்பது பத்து, ஒன்பதரை. அம்மா அங்கயே நின்னு ஒரு டாக்டரையும் ரெண்டு நர்ஸையும் வாசலுக்கு வரவழைச்சாங்க.

மத்தியானம் விசாரணை. பெரிய டாக்டரை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லிட்டாங்க. நான் அந்த வாசல் நாற்காலியை இழுத்துட்டுப் போய் அவர் முன்னாடி போட்டேன். வெள்ளைக் கோட்டுல ஒரு பிளாஸ்திரி ஒட்டி, நேரத்தை எழுதினேன்.

"உக்காருங்க சார், கூப்பிடுவாங்க."