வாய் என்ற எழுத்து

குருவி தப்பாக எழுதுகிறாள் என்பது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். நான் சொல்லவில்லை.

குருவி என் நாத்தனார். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை கீச்சுக்கீச்சென்று பேசுவதால் வந்த பெயர். இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் பெட்டி கட்டுகிறவர்கள். அந்த மேசையைத் தூக்கிவிட்டுச் சீனாவிலிருந்து ஓர் இயந்திரத்தை இறக்கினார்கள். அதன் திரையில் விரலால் சீன எழுத்து எழுதினால்தான் ஓடும். கோடுகளின் வரிசை பிசகினால் திரை சிவந்துவிடும். இயக்க ஒருத்தி போதும், அவள் யார் என்று முடிவு செய்ய ஒரு தேர்வு. மற்றவள் மாதக் கடைசியில் வீட்டுக்கு.

எனக்காவது சம்பாதிக்கிற புருஷன் இருக்கிறார், அவளுடைய அண்ணன். குருவிக்கு அவள் கைதான் துணை. இது தெரிந்தும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தது. வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியாது.

கையில் கொடுத்தது ஒரு புத்தகம் மட்டும். திரையைத் தேர்வன்றுதான் தொட விடுவார்கள். சமையல் மேடையில் நோட்டை விரித்துப் பழகினோம். ‘வாய்’ என்ற எழுத்து ஒரு சின்னப் பெட்டி. “பொட்டிதானே, இதுக்கு ஒரு பாடமா?” என்று குருவி அந்தப் பக்கத்தையே புரட்டித் தள்ளிவிட்டாள். முதலில் இடது கோடு, அப்புறம் மேல்கோடு போய் வலப்பக்கம் இறங்க வேண்டும், அடிக்கோடு கடைசியில். அவள் கையோ நம்முடைய ‘ட’வைப் போட்டது. இறங்கி, பேனாவை எடுக்காமல் வலப்பக்கம் திரும்பி, பிறகு மேலேயும் வலப்பக்கமும் சேர்த்து ஒரு மூடி. ஐந்து வயதில் பழகிய கை லேசில் விடுமா? தாளில் பார்த்தால் எல்லாம் ஒரே பெட்டி. கையைப் பார்த்தவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

“அண்ணி, நல்லா இருக்கா பாருங்க.”

“அழகா இருக்கு,” என்றேன். பொய் சொல்லவில்லை, அதுதான் என் சாமர்த்தியம்.

தேர்வன்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகள். “பத்து எழுத்து,” என்றார் மேற்பார்வையாளர். “மூணு தடவை சிவந்தா வெளியே. பேசினாலும் வெளியே.”

இரண்டாவது எழுத்து ‘வாய்’. குருவியின் திரை சிவந்தது. நான்காவது ‘நாள்’. அதுவும் பெட்டிதான், மறுபடி சிவந்தது. அவள் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் திரை ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

ஏழாவது ‘கேள்’. ஒரு கதவு, அதற்குள் ஒரு வாய். கதவைச் சரியாகப் போட்டுவிட்டாள். விரல் உள்ளே போனது. இடது கோடு இறங்கியது. அதுவரை சரி. அடி மூலைக்கு வந்துவிட்டது, இனி வலப்பக்கம் திரும்பும். திரும்பினால் வேலை எனக்கு.

“விரலை எடுடீ! மேலேர்ந்து வா! அடியைக் கடைசியா போடு!”

கத்தியது நான்தான் என்று எனக்கே ஒரு நொடி உறைக்கவில்லை.

“எந்திரிங்க,” என்றார் மேற்பார்வையாளர் என்னிடம். “அந்த ஒண்ணு போகட்டும். அவங்க மிச்சத்தை எழுதட்டும்.”

வராந்தாவில் சுவரோரம் நின்றேன். மனம் லேசாகத்தான் இருந்தது, தியாகி என்ற நினைப்பு வேறு. கொஞ்ச நேரத்தில் குருவி வந்தாள். வேலை அவளுக்கு. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஓர் அடி தள்ளியே நின்றாள்.

“என் கையில என்ன தப்புன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும், அண்ணி?”

இப்போதுதான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“மூணு வாரமா,” என்றேன்.

குருவி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.