கிளெனிஸ் முடிக்காத வாக்கியம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆஸ்திரேலியாவில், பண்டபெர்க்கில், என் பக்கத்து வீட்டுக்காரி கிளெனிஸ் பாஸ்கோவுடையது. துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாதியைச் சொன்னாள், மீதியை நான் திருடினேன். அவளுக்கு வயது அறுபத்தொன்று, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து, தசைக்கு அடியில் சிலிக்கோன் பை வைத்துத் தைத்து, கதிர்வீச்சும் கொடுத்து மூன்று வருடமாகிறது.

(எந்தச் சொல்லைப் போடுவது? மார்பு ஆண்களுக்கும் உண்டு. மார்பகம் என்றால் ஆஸ்பத்திரிச் சுவரொட்டி. அதைவிட நேரான சொல்லைப் போட்டால் என் அக்காவே போன் பண்ணித் திட்டுவாள். கிளெனிஸ் மோவாயால் சுட்டி ‘இது’ என்கிறாள். நானும் ‘இது’ என்றே எழுதித் தொலைக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: ‘கரும்புத் தோட்டங்களின் மேல் சூரியன் மெல்ல…’

வேண்டாம். சூரியனுக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாவது: பேருந்தை வலப்பக்கம் வளைக்கும்போதெல்லாம் தசை இழுத்து ‘இது’ துள்ளி மேலேறியது. சிலிக்கோனைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டிக்கொள்ளும். கதிர்வீச்சு பட்ட இடமென்றால் அது இறுகவும் செய்யும். ஒருமுறை இறுகி, திறந்து மாற்றினார்கள். மறுபடியும் இறுகிவிட்டது. இப்போது தொட்டால் தேங்காய் மூடி மாதிரி இருக்கிறதாம்.

3

இந்த ஊரில் எப்படி இருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பரவாயில்லை. கால் ஒடிந்து கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். தன் குறையைச் சொல்வதை அசிங்கம் என்று நினைக்கிறவர்கள். மார்ச் மாதம் பிரிஸ்பேனில் டாக்டர் ப்ரூயரிடம் கிளெனிஸ் பேசியது இவ்வளவுதான்.

“எப்படி இருக்கீங்க கிளெனிஸ்?”

“பரவாயில்ல டாக்டர்.”

“வலி?”

“எப்பவாவது. சொல்லிக்கிற மாதிரி இல்ல.”

குறையேதுமில்லை, அடுத்த வருடம் வரவும் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கிளெனிஸ் நன்றி சொல்லிவிட்டு, நாலரை மணி நேரப் பயணம் முழுக்க வலது பக்கமே சாய்ந்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

என்ன மனுஷி இவள்? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை.

4

மே மாதம் ரவுண்டானாவில் வளைக்கும்போது வலியில் அவள் கை பாதியில் நின்றுவிட்டது. பேருந்து நடைபாதைத் திட்டில் ஏறி இறங்கியது. உள்ளே இருபத்தாறு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் இன்னொரு தடவை ஏற்றச் சொல்லிக் கத்தினார்களாம்.

“மெர்வ்கிட்ட உளறிடாத நாச்,” என்றாள். (மெர்வ் அவள் கணவர். என் முழுப்பெயர் நாச்சியார். இங்கே எல்லாப் பெயரையும் வெட்டிவிடுவார்கள்.) “அவரு ஊர் பூரா சொல்லிருவாரு. அப்புறம் வண்டிய பிடுங்கிருவாங்க.”

“நாளைக்கும் ஓட்டப்போறியா?”

“பைத்தியமா எனக்கு? ஜலதோஷம்னு லீவு போட்டாச்சு.” ஒரு சட்டையை உதறினாள். “சில நாள் தோணும், இத எடுத்துப் போட்டுட்டு…”

முடிக்கவில்லை. கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அதை நான் முடித்தேன். ‘எடுத்துப் போட்டுட்டு, தட்டையாவே இருந்துடலாம்னு.’ நோட்டில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

[அடிக்குறிப்பாக ஒன்று: மறுநாள் அவள் கொடியில் புது நீச்சலுடை காய்ந்தது. கழுத்து நன்றாக இறங்கிய ரகம். என் வாக்கியம் ஆட்டம் கண்டுவிட்டது.]

5

முடிவுகள்.

அ. உறையை அகற்றி, புதிய சிலிக்கோனைத் தசைக்கு மேலே வைக்கிறார்கள். கை நன்றாகச் சுழல்கிறது. ஆனால் அந்தத் தோல் இனி இறுகாது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

ஆ. எடுத்தேவிடுகிறார்கள். வலி போகிறது. குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள்… எனக்குத் தெரியாது. எழுத மாட்டேன்.

இ. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான் பயப்படுவது இதற்குத்தான்.

6

அதனால்தான் பிரிஸ்பேனுக்குக் கூடவே போனேன். மெர்வ் காரிலேயே இருந்துகொண்டார். “வண்டிய யாராவது பாத்துக்கணும்ல,” என்றார். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அவருக்கும் பயம், அவ்வளவுதான்.

“எப்படி இருக்கீங்க கிளெனிஸ்?” என்றார் டாக்டர்.

கிளெனிஸ் என்னைப் பார்த்தாள்.

“இவ எழுதுறவ டாக்டர். என்னப் பத்திதான் எழுதுறா. நீயே சொல்லு நாச்.”

சொன்னேன். வலி, ஸ்டியரிங், ரவுண்டானா, நடைபாதைத் திட்டு. அதெல்லாம் அவள் வாயால் சொன்னவை, கூசாமல் சொல்ல முடிந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றார். பிறகு மெதுவாக, “மாத்தி வைக்கலாமா, இல்ல எடுத்துடலாமா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

கிளெனிஸ் இன்னும் என்னையேதான் பார்க்கிறாள். டாக்டரும் இப்போது என் பக்கம் திரும்பிவிட்டார். பதில் என்னிடம் தயாராக இருக்கிறது, ஆனால் அது நோட்டில் நான் இட்டுக்கட்டியது. சும்மா இருந்தால் அவள் மறுபடி ‘பரவாயில்லை’ என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள். நீங்களாக இருந்தால் வாயைத் திறப்பீர்களா?