விறகுவெட்டிக்கு யார் சொல்வது

…இல்லை, வாளைத் தொடவே மாட்டாள் அண்ணி, திரையில் பாலத்துக் காவலன் மூன்றாவது முறையாக அடித்து வீழ்த்தியும் மூலிகைப் பையைத்தான் துழாவுகிறாள், பின்னால் நாற்காலியில் இவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கணினி விளையாட்டை உருவாக்கியவள், சோதனைக்கு ஆடுகிறவரிடம் பேசக் கூடாது, தொண்டையைக் கனைக்கக்கூடக் கூடாது. இவளே போட்ட விதி. இவளே போட்ட இன்னொரு விதிதான் இப்போது அண்ணியைப் போட்டு மிதிக்கிறது: ஆட்டத் தொடக்கத்தில் பாத்திரத்தின் திறன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த புள்ளி கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது, மருத்துவச்சி கடைசிவரை மருத்துவச்சி. அண்ணி இதற்கு முன் எந்த விளையாட்டும் ஆடியதில்லை, கிடைத்த புள்ளியையெல்லாம் மூலிகையிலும் இனிய பேச்சிலும் கொட்டிவிட்டாள், வாள்வீச்சில் ஒன்றுமில்லை… ஆனால் என்ன அழகாக ஆடினாள், வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் நின்று நலம் விசாரித்து, இவள் காட்டை நிரப்ப எழுதி வைத்தவர்களையெல்லாம் மனிதர்களாக்கி… இப்படி ஆடுகிறவளையா பாலத்தில் நிறுத்தி வைப்பது?

கதவோரம் அண்ணன். நிரல் எழுதுகிறவன். மாலைக்குள் விளையாட்டை அனுப்பியாக வேண்டும், அப்புறம் விதியைத் தொட முடியாது. காலையிலேயே மறுபடி பிடித்துக்கொண்டான். "தெரியாம எடுத்த முடிவுக்கு ஆயுள் தண்டனையா?" முடிவுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்றாள் இவள். "ஆமாமா, பல்லு புடுங்கறதை விட்டுட்டு பொம்மை பண்ண வந்தவ பேசறா பாரு." சுட்டது. இன்னமும் சுடுகிறது. பல் மருத்துவத்தை விட்ட பிறகும் கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் மறித்து, "டாக்டரம்மா, இந்தக் கடவாய்ப்பல்லு மட்டும்" என்று அண்ணாந்து வாயைத் திறப்பார், இப்போ பாக்கறதில்லைங்க என்று இவள் சொன்ன பிறகு அந்த வாய் மூட எடுத்துக்கொள்ளும் நேரம்… மாற்ற முடியாது என்று விதி எழுதியது அதனால்தானோ? மாறியவள் யாருக்கும் அந்தச் சங்கடம் வேண்டாமென்றா, இல்லை, தன்னைத் தானே கண்டித்துக்கொள்ளவா? சே, பல் வேறு, புள்ளி வேறு.

நான்காவது அடி விழுந்தது. "போடா தடியா, உன் மூட்டு தேய" என்று சிரித்தாள் அண்ணி. அந்தச் சிரிப்புக்காகவே இவள் கதவைப் பார்த்துத் தலையசைத்தாள். அண்ணன் எப்போதோ எழுதி ஒளித்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டான். கொடுத்த புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறு திறனில் போடலாமா என்று திரை கேட்டது. "அட, இதை முன்னாடியே கேட்டா என்ன?" எல்லாவற்றையும் வாளுக்கு மாற்றினாள். இரண்டு வீச்சு, காவலன் சாய்ந்தான், கதவோரம் அண்ணன் வெற்றியில் காற்றைக் குத்தினான். பாலத்தைத் தாண்டுவாள் என்று பார்த்தால் திரும்பிக் காட்டுக்குள் நடக்கிறாள். "காலைல ஒரு விறகுவெட்டிக்கு முழங்கால்ல மூலிகைப் பத்து போட்டேனே, அந்த ஆளு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வந்துடறேன்." யாருக்குத் தோன்றும் இது! குடிசை வாசலில் விறகுவெட்டி இன்னொரு முழங்காலை நீட்டினான், வந்துட்டியா மருத்துவச்சி, இதுக்கும் கொஞ்சம் போடேன். அண்ணி பையைத் தேடினாள். பை இல்லை. வெட்டு, குத்து, தடு, இவ்வளவுதான் இருந்தது.

"ஐயோ, நான் இப்ப மருத்துவச்சி இல்லைன்னு இவருக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் அண்ணி.

அண்ணன் குனிந்து இவள் காதில், "நிரல்ல பிழைதான், விறகுவெட்டியோட ஞாபகத்தையும் அழிச்சுடறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றான். அண்ணி போகவில்லை. வாளைக் கீழே போட்டாள், களைப்பாறும் பொத்தானை அழுத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் புள்ளி கிடையாது, வசனம் கிடையாது, திரையில் வானம் இருட்டி வெளுத்தது, நீட்டிய கால் நீட்டியபடியே… "மாத்திக்கலாம்னே போட்டுடு. ஆனா அந்த ஆளைத் தொடாதே" என்றாள் இவள். விதி மாறிவிட்டது, இவ்வளவு சுலபமாகவா? மாற விடலாமா கூடாதா என்றுதான் இத்தனை காலம் இருவரும் மல்லுக்கட்டினார்கள், மாறியவளிடம் ஒருவன் பழையபடி காலை நீட்டினால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை, ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை, சரி, இவளுக்கு ஏன், படிக்கட்டில் அண்ணாந்து திறந்த அந்த வாயின் முன்னால் இவளுக்கே ஏன்…