பட்டியலில் இல்லாத பெயர்

அந்த ஆஸ்பத்திரியில் அவனை எல்லோரும் லைன்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சை இயந்திரத்தையும், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அதை ஓட்டும் பெரிய டாக்டரையும் இணைக்கிற லைனுக்கு அவன்தான் காவல். இடையில் எவனாவது புகுந்துவிட்டால் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கத்தி அந்த எவனோவின் கத்தியாகிவிடும். அதனால் அவனே ஒரு விதி எழுதிவைத்திருந்தான். அன்றைய பட்டியலில் இல்லாத பெயர் உள்ளே வந்தால் பத்து விநாடிக்குள் துண்டிப்பு. போன் போட்டுக் கேட்கிற பேச்சே கிடையாது. போனில் பேசுகிறவனும் திருடனாக இருக்கலாம்.

"இவரு மாமியாரைக்கூட நம்ப மாட்டாரு" என்று நர்சுகள் கிண்டலடிப்பார்கள்.

"மாமியாரைத்தான் முதல்ல நம்ப மாட்டேன்" என்பான்.

அன்று மேசையில் கிடந்தது அவனுடைய அக்கா. கல்லீரலில் கட்டி. "லைன்ல நீ உக்காந்தாதான்டா நான் படுப்பேன். வேற எவனாச்சும் உக்காந்தா எந்திரிச்சு வந்துடுவேன்" என்று மிரட்டியிருந்தாள். மயக்க மருந்து கொடுத்த பிறகு எப்படி எழுந்து வருவாள் என்று அவன் கேட்கவில்லை. அக்காவிடம் நியாயம் பேசி யார் ஜெயித்தது?

இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பதினொன்றே காலுக்கு லைன் லேசாகத் திக்கியது. டாக்டரின் பெயர் திரையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் வேறொரு பெயர் வந்தது. பட்டியலில் இல்லாத பெயர். இயந்திரத்தின் கை அசைந்தது. எவனோ ஒருத்தன் அக்காவின் வயிற்றுக்குள் கை வைத்திருக்கிறான்! நாலு விநாடிகூட ஆகவில்லை, துண்டித்துவிட்டான்.

கை அப்படியே நின்றது. ரத்தக் குழாய்க்குக் கிளிப் பாதிதான் போட்டிருந்தது. உள்ளூர் டாக்டர் இயந்திரத்தைக் கழற்றி, வயிற்றைத் திறந்து, ரத்தத்துக்குள் துழாவுவதற்குள் அக்காவின் உயிர் போய்விட்டது.

மதியம் பெரிய டாக்டர் போனில் அழுதார். "என் மெஷின் திக்குச்சுப்பா. பக்கத்து ரூம் மெஷினுக்கு மாறினேன். அது என் அசிஸ்டென்ட் பேர்லதான் திறக்கும். அவசரத்துக்கு வேணும், அந்தப் பேரையும் சேத்துக்கன்னு நேத்தே உனக்கு எழுதினேனே!"

நேற்று மதியம் அவன் லீவு. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தான். அவள் கள்ளாட்டம் ஆடி மூன்று தடவை ஜெயித்தாள். இன்று காலை அவளுக்காக லைனை ஒன்றுக்கு நாலு தடவை சோதித்தான். ஆபீஸ் மெயிலில் வந்திருந்த கடிதங்களை மட்டும் பார்க்கவில்லை.

நிர்வாகி வந்து தோளைத் தட்டினார். "நீங்க விதிப்படிதான் செஞ்சீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

வெளியே பெஞ்சில் அக்காவின் புருஷன், அவனுடைய மாமா, உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் மனிதர் பாதியாகியிருந்தார். அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் நீ கூட இருந்தப்பா. எவனும் அவகிட்ட வராமப் பாத்துக்கிட்ட. எனக்கு அது போதும்."

சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் இவர் தன்னைக் கும்பிடுவார். அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவனும் வரல மாமா. வந்தது டாக்டர்தான். வெளிய தள்ளினது நான்."

"என்னப்பா சொல்ற?"

அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். மாமா அவன் கையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். படிக்காமல் விட்ட கடிதத்துக்கு அவன் வந்தபோது அவர் கை விலகிக்கொண்டது.