தாரிணியின் பச்சை அட்டை

“படுக்கை நனையுது மாமி. பத்து வயசுப் பொண்ணு, ஒரு வாரமா தெனம் நனைக்குது. அதச் சொல்ல வந்தா நீங்க அட்டையத் தூக்கிக் காட்டுறீங்க.”

“கத்தாதே மங்கை. இது ஸ்கூல், காட்டேதான் பஸ் ஸ்டாப் இல்லே.”

“கத்துவேன். ஜூன்ல தச்ச யூனிபாரம் இடுப்புல நிக்கல, ஊக்கு குத்தி அனுப்புறேன். என்னா பண்ணிவச்சீங்க எம்புள்ளய?”

“இளைச்சிருக்கா. அதுக்குத்தானே இத்தனை பாடு? நாப்பத்திரண்டு கிலோ இருந்தா, இப்போ முப்பத்தி மூணரை. ஸ்கூல்லயே சிவப்புலேர்ந்து பச்சைக்கு வந்த மொதல் குழந்தை. சந்தோஷப்படத் தெரியாதா ஒனக்கு?”

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் மதிலுக்கு வெளியே இருக்கும் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் இந்தச் சண்டை நடந்தபோது மூன்றாம் வகுப்பு முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. வாத்தியார்கள் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாலே அவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

கல்பகம் மாமியைத் தெரியாதவர்கள் குவார்ட்டர்ஸில் கிடையாது. கணவர் வெங்கட்ரமணனுக்கு அரசாங்க ஆராய்ச்சி லேபில் பெரிய வேலை. மகள் ஹம்ஸினி வேலை கிடைத்துத் தனியாகப் போன பிறகு மாமிக்கு வீட்டில் திருத்த ஆள் இல்லை. குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி ஒரு வருஷம் எல்லோரையும் விரட்டினாள். மதிலுக்கு உள்ளே ஆள் தீர்ந்ததும் வெளியே வந்தாள். ஒரு டிரஸ்ட் எடை மெஷினும் கலர் அட்டைகளும் கொடுத்து, ஏழைப் பிள்ளைகள் குண்டாகாமல் தடுக்கும் திட்டத்துக்கு மாமியைப் பொறுப்பாளராக்கியது.

திட்டம் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அம்மா வேலைக்குப் போகும் அவசரத்தில் கையில் வைத்துவிட்டுப் போவது ஐந்து ரூபாய் பாக்கெட்டுதான். அரிசியும் எண்ணெயுமாகப் பிள்ளைகள் ஊதிக்கிடந்தார்கள். இப்போது பாக்கெட்டுக்குத் தடை. காலையில் ஓட்டம். மாதம் ஒரு முறை எடை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அட்டை. ஒவ்வொரு பீரியடுக்கும் ‘வாட்டர் பெல்’ அடித்தால் எல்லோரும் பாட்டில் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். யார் எத்தனை பாட்டில் என்று மாமி நோட்டில் குறித்து, அதிகம் குடித்தவருக்கு நட்சத்திரம் ஒட்டுவாள். இரண்டு மாதமாக நட்சத்திரம் தாரிணிக்குத்தான்.

“டாக்டர்ட்ட காட்டணும் மாமி, நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா ஒடனே பாப்பாங்க,” என்றாள் மங்கையர்க்கரசி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“காட்டலாம். அதுக்கு முன்னே ஒண்ணு சொல்லு. பாக்கெட் குடுக்கறதை நிறுத்தினியா?”

மங்கை கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவள். காட்டேதானில் சிப்ஸ் கம்பெனியில் பேக்கிங் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகளை ஆளுக்கு ஒரு பையாக அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். தாரிணி சிவப்பு அட்டை வாங்கியது அந்தப் பையால்தான் என்று மாமி தாய்மார் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிப் பேசியிருந்தாள். மங்கை அன்று பையை நிறுத்தியதும் உண்மை. இப்போது பதினைந்து நாளாக மறுபடி கொடுப்பதும் உண்மை. தட்டு தட்டாகச் சோறு தின்றுவிட்டும் பசி பசி என்று அழுகிற பிள்ளைக்கு வேறு எதைக் கொடுப்பாள்?

“பசிக்குதுங்குது மாமி.”

“அதானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை டிரஸ்ட்லேர்ந்து வரா. அது முடியட்டும், நானே அழைச்சுண்டு போறேன். நீ பாக்கெட்டை நிறுத்து.”

மங்கை ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள். அரை நாள் சம்பளம் ஏற்கெனவே போயிருந்தது. ஜெயித்தவளாகத் திரும்பிய கல்பகத்தின் எதிரில் பி.டி. மாஸ்டர் எட்வின் நின்றார். நாகர்கோவில்காரர், பேசுவது குறைவு.

“மேடம், அந்தப் பிள்ளை இப்பம் ஓடமாட்டேங்குது. ஒரு ரவுண்டுக்கே மூச்சு இழுக்குது. ஒரு மாசத்துல ஆறு கிலோ குறையிறது எனக்கு சரியாப் படல.”

“ஒங்களுக்கு முப்பது பிள்ளைகளைக் குறைக்கத் தெரியலே. ஒண்ணு குறைஞ்சா அதுவும் சரியாப் படலையா சார்?”

எட்வின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஊதவில்லை.

மறுநாள் வாட்டர் பெல் அடிக்கும் முன்பே தாரிணி பாட்டிலைக் காலி செய்துவிட்டு மாமியிடம் வந்து நின்றாள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தாலும் பதில் தெலுங்கில்தான் வரும்.

“ஆன்ட்டி, இன்கா நீள்ளு காவாலி.”

“இன்னும் தண்ணியா? சமர்த்து,” என்று குனிந்த கல்பகத்தின் முகத்தில் குழந்தையின் மூச்சு பட்டது. பழுத்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. இனிப்பாக, லேசாகக் குமட்டுவதாக. கல்பகத்துக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். புத்தகப் பையை வாங்கித் திறந்தாள். நோட்டுக்கு நடுவே சீல் ஒட்டாத சிப்ஸ் பாக்கெட் ஒன்று இருந்தது.

“ஜூஸும் குடிச்சியா? பொய் சொல்லாதே, வாயிலே வாசனை வரது.”

“லேது ஆன்ட்டி.” குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. கல்பகம் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னதில்லை.

அன்று மாலை வெங்கட்ரமணன் சாப்பாட்டு மேஜையில் விரலைக் குத்தி மெஷினில் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவருக்கு முதல் முதலில் வந்தபோதும் தாகம்தான், ராத்திரி நாலு தரம் எழுந்திருப்பதுதான். கல்பகத்தின் கை ஒரு நிமிஷம் அந்தச் சின்ன மெஷின் மேல் நின்றது. நாளைக்குப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன? ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிஷம்.

ஆனால் சர்க்கரை குண்டானவர்களுக்கு வருகிற வியாதி. இளைத்தால் வராது என்றுதானே திட்டமே? டிரஸ்ட்காரர்கள் பவர்பாயின்ட் போட்டுச் சொன்னதும், அவள் தாய்மாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அதுதான். இளைத்த பிள்ளை தப்பித்த பிள்ளை. மேலும் வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருப்பது ஒரே நாள். கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஹாலில் பேனர் கட்டி, தாரிணியை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வந்த மூன்று பேரில் ஒருவர் லேப்டாப்பில் படம் காட்டிக்கொண்டிருந்தார். கோடு ஒன்று அழகாகக் கீழே இறங்கியது. கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. மாடி ஏறி வந்த கிழவரைப் போல ஆழமாக, வேகமாக ஒரு மூச்சு. உட்கார்ந்த இடத்திலேயே தாரிணி வாந்தி எடுத்தாள். தலை பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்தது.

எட்வின் இரண்டு பெஞ்சைத் தாண்டி வந்து அவளைத் தூக்கினார்.

“சார், ஒரு நிமிஷம், போட்டோ மட்டும்...” என்று கல்பகம் எழுந்தாள். இதை அவள் சொன்னதற்கு நாற்பது பேர் சாட்சி.

“வழி விடுங்க மேடம்.”

அரசு ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மெஷினில் எண் வரவில்லை. மெஷினால் எண்ண முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் ‘ஹை’ என்று மட்டும் வரும். பின்னாலேயே ஆட்டோவில் வந்த கல்பகத்துக்கு அது தெரியும். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரைக்கும் உடம்பு பருமனுக்கும் சம்பந்தமில்லை, இது திடீரென்று வரும், வந்தால் பிள்ளை உருகிப்போகும், முற்றினால் மூச்சிலேயே பழ வாசனை அடிக்கும் என்று அந்த இளம் டாக்டர் சொன்னதுதான் தெரியாது.

“எத்தனை நாளாக இப்படித் தண்ணீர் குடிக்கிறாள்?” என்று தெலுங்கில் கேட்டார் டாக்டர்.

“ஆகஸ்ட் பதினாலுலேர்ந்து. அன்னிக்கு ஆறு பாட்டில். போன வாரம் பதினொண்ணு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “எழுதி வைத்திருக்கிறீர்களா?”

நோட்டு கல்பகத்தின் கைப்பையில்தான் இருந்தது.

மங்கை வந்தபோது தலையில் கம்பெனி வலைத்தொப்பி அப்படியே இருந்தது. எல்லோரும் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். வார்டு ஆயாகூட வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். மங்கை கத்தவில்லை.

“பாக்கெட்டு பாக்கெட்டுன்னீங்க. நானும் எம்மேலதான் தப்புன்னு வாய மூடிக்கிட்டேன் மாமி,” என்றாள். அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து பிள்ளை பிழைத்தது. சாகும்வரை ஊசி, ஒரு நாளைக்கு நாலு. வலது கண்ணில் பார்வை மங்கல் என்றார்கள். அது சரியாகிவிடும் என்று ஒருவரும், ஆகாது என்று ஒருவரும் சொன்னார்கள். டிரஸ்ட் அறிக்கை நவம்பரில் வந்தது. சராசரி எடைக் குறைவு என்று அதில் போட்டிருந்த கணக்கில் தாரிணியின் எட்டரைக் கிலோவும் சேர்த்தி. அவளை எடுத்துவிட்டால் சராசரி பாதியாகிவிடுமாம். இன்னும் மூன்று பள்ளிக்கூடங்களுக்குத் திட்டம் போனது.

மங்கையின் புருஷன் சீனு சங்கராந்திக்கு முன்பே குடும்பத்தோடு ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டான்செருவுக்குப் போய்விட்டான். மருந்துக் கம்பெனி ஷிஃப்ட் ஆட்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானாம். ஹம்ஸினிக்குக் கூட வேலை பார்க்கும் சரத்தோடு மாசியில் கல்யாணம் ஆகி, வெங்கட்ரமணன் ரிட்டயர் ஆனதும் மாமியும் மாமாவும் பெண் வீட்டுக்குப் பக்கத்தில், லோத்குண்டாவில், வாடகைக்குப் போனார்கள். எட்வின், தாரிணி கிடந்த வார்டில் இருந்த நர்ஸையே கட்டிக்கொண்டார். நாகர்கோவிலில் கல்யாணம், பள்ளிக்கூடத்தில் யாரையும் கூப்பிடவில்லை. பட்டான்செருவில் சீனுவின் வீடு எது என்று எட்வினுக்கும் அந்த நர்ஸுக்கும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு போய்விட்டு வருகிறார்கள். யார் கேட்டாலும் விலாசம் சொல்வதில்லை. கல்பகம் லோத்குண்டாவிலிருந்து வந்து இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள்.