டேங்க் மூடி

ஃபிரிட்ஜின் மேலே கையை விட்டு இரண்டாம் முறையாகத் துழாவினான் ரூபன். கரண்ட் பில் அட்டை இருந்தது, காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை இருந்தது, அப்பாவின் மாத்திரை டப்பா இருந்தது. பத்து நாளாக அங்கேயே கிடந்த அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை மட்டும் காணோம்.

கூடத்தில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் பெட்டிக்குள் சவரியார் வெள்ளை வேட்டி சட்டையில் படுத்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம். பெற்ற தகப்பன் அங்கே கிடக்க, மகன் சமையற்கட்டில் காரின் டேங்க் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் வந்த சனம் காறித் துப்பும். துப்பட்டும். மார்ட்டின் மச்சான் வண்டிப் பக்கம் போவதற்குள் அது கிடைத்தாக வேண்டும்.

மார்ட்டின், அக்கா ஜோஸ்லினின் புருஷன். சேலத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர். சாவு வீடானாலும் சரி, நின்றுபோன வண்டியைக் கண்டால் கை சும்மா இராத ஆள். வந்ததுமே சொல்லிவிட்டார்: “வண்டி ஏன் மாப்ள நடு ரோட்ல நின்னுச்சு? மாமாவ எடுக்கறதுக்குள்ள நான் அதப் பாத்தே ஆகோணும்.”

ஏன் நின்றது என்று ரூபனுக்குத் தெரியும்.

பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு, கழற்றிய மூடியைக் காரின் தலைமேலேயே மறந்து வைத்து ஓட்டி வந்தவன் அவன்தான். மறுநாளே சவரியார் பஸ் ஏறிச் சேலம் போய்ப் புது மூடி வாங்கி வந்துவிட்டார். முப்பது வருஷம் போர் போடும் ரிக் லாரி ஓட்டிய மனுஷர். வலக்கை இழுத்துக்கொண்டு விரல்களால் எதையும் திருக முடியாமல் போனதால்தான் மகனை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. தினமும் காலையில் “ரூபா, அந்த மூடி” என்பார்.

“சாய்ங்காலம் மாட்டறேனுங்ப்பா.”

“சும்மா திருகிட்டு வந்தராத. மூணு தடவ டக்கு டக்குனு சத்தம் கேக்கோணும். அப்பத்தான் இறுகுனதாக் கணக்கு.”

இரண்டு நிமிட வேலை. அதற்குப் பத்து சாயங்காலம் போதவில்லை இவனுக்கு. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று டேங்க் வாய்க்கு ஒரு பால் கவரைப் போட்டு, மஞ்சள் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டிருந்தான். டேங்க் வாய்க்கு மேலிருக்கும் சின்னக் கதவு எப்போதோ நசுங்கி, பாதி திறந்தபடியே நிற்கும். முந்தாநாள் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியதில் கூரைச் சீட்டின் தண்ணீர் மொத்தமும் அந்த இடத்தில்தான் விழுந்தது.

நேற்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காரின் பின் சீட்டில் அம்மா மரியபுஷ்பத்தின் மடியில் அவர் தலை. ஆட்டையாம்பட்டி தாண்டி ரெண்டு மைல்கூடப் போகவில்லை, வண்டி விக்கியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பி ரூபனின் விரல் கன்றிப்போனது. இறங்கிக் கை காட்டினான், ஒருத்தனும் நிறுத்தவில்லை. மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பும்போது பின்னாலிருந்து அப்பா மூச்சுக்கு நடுவே கேட்டார்.

“மூடி மாட்டிட்டியா சாமி?”

“மாட்டிட்டேனுங்ப்பா.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அரைமணி முன்னாடி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். தாமதம்கூட ஒரு பக்கம் கிடக்கட்டும். போகிற மனிதனிடம் கடைசியாகச் சொன்ன சொல் பொய்யாகப் போனதே, அதை நினைத்தால் ரூபனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மாப்ள, சாவியக் கொண்டா” என்று மார்ட்டினின் குரல் வெளியே கேட்டது.

நேற்றுச் சாயங்காலம் டெம்போவில் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டி, வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்றது. பத்தடி தள்ளிப் பந்தலில் சனம் உட்கார்ந்திருந்தது. ரூபன் சாவியோடு போனபோது மார்ட்டின் டேங்க் பக்கம் குனிந்துவிட்டிருந்தார். இப்போது பால் கவரைப் பார்ப்பார். இப்போது கேட்பார். அக்கா ஓடி வந்து சட்டையைப் பிடிப்பாள். ரூபன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மூடி புதுசாட்ட இருக்குது?”

கண்ணைத் திறந்தான். பால் கவர் இல்லை. டேங்க் வாயில் கறுப்பு மூடி இறுகி உட்கார்ந்திருந்தது. மார்ட்டின் அதைத் தம் கட்டித் திருகிக் கழற்றினார். டியூபை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி, ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

“மூடி என்னமா இறுக்கியிருக்குது. அப்பறம் எப்படித் தண்ணி போகும்? பங்க்குக்காரன் கலந்து ஊத்திட்டான் மாப்ள, பாவி. நீ என்ன பண்ணுவ, உடு” என்று ரூபனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

அந்த அட்டைப்பெட்டி இருந்த இடம் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் மூன்றே பேர். அதில் ஒருவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார்.

கோயில் உபதேசியார் கடைசி செபத்துக்கு வீட்டாரைக் கூப்பிட்டார். மரியபுஷ்பம் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ரூபன் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தான். மெழுகுவத்தி வாடைக்கும் மாலை வாடைக்கும் நடுவே அவள் கையிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது.

“அம்மா, அந்த மூடி… நான் அப்பாகிட்ட…”

“மூணு தடவையும் சத்தம் கேட்டுச்சு சாமி” என்றாள், அவன் முகத்தைப் பாராமலே. “முட்டி போடு.”

முட்டி போட்டான். செபம் தொடங்கியது. அம்மாவின் விரல்களில் செபமாலை மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவள் மணிக்கட்டில் மஞ்சள் ரப்பர் பேண்ட் ஒன்று சதையில் பதிந்து கிடந்தது.

ஜோஸ்லின் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து அந்தப் பக்கம் முட்டி போட்டாள். மரியபுஷ்பம் முந்தானையை இழுத்து மணிக்கட்டின்மேல் போட்டுக்கொண்டாள்.